துடுப்பு பிடிக்காத ஒன்பதாவது ஆள்

2016 ஆகஸ்ட். ரியோ டி ஜெனிரோவின் லகோவா ஏரியில் பெண்கள் எட்டுத் துடுப்புப் படகுப் போட்டியின் இறுதிச் சுற்று. கனடா படகு ஐந்தாவதாக வந்தது. பதக்கம் இல்லை, பெரிய செய்தியும் இல்லை. ஆனால் அந்தப் படகின் பின்முனையில், துடுப்பு எதுவும் பிடிக்காமல், எட்டுப் பேரையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்த லெஸ்லி தாம்ப்சன்-வில்லிக்கு அப்போது வயது 56. அது அவருடைய எட்டாவது ஒலிம்பிக்.

அவர் முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியது 1984-இல், லாஸ் ஏஞ்சலஸில், நால்வர் படகில். அது வெள்ளி. 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்குக்காகப் பான்யோலஸ் ஏரியில் நடந்த எட்டுப் பேர் படகுப் போட்டியில் தங்கம். 1996 அட்லாண்டாவில் வெள்ளி, 2000 சிட்னியில் வெண்கலம். 2004-இல் ஆளைக் காணோம். ஓய்வு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2008-இல் பெய்ஜிங்கில் மறுபடி வந்து நின்றார். 2012 லண்டனில் வெள்ளி, வயது 52. அந்த லண்டன் படகில் துடுப்பு வலித்தவர்களில் சிலர், அவர் முதல் பதக்கம் வாங்கியபோது பிறந்திருக்கவே இல்லை.

‘அவர் துடுப்பு வலிக்கவில்லையே, சும்மா உட்கார்ந்துதானே வருகிறார், அறுபது வயதுவரைகூட வரலாமே’ என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்பவர் கூடவே இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வெறுமனே உட்கார்ந்து வருவதற்கு ஆள் தேவையென்றால் எடை குறைந்த இருபது வயதுப் பெண்கள் கனடாவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றுப் போனவரைத் திரும்ப ஏற்றிக்கொள்ள எந்த அவசியமும் இல்லை. ஆகவே அந்த இருக்கையில் வேறு ஏதோ நடக்கிறது. அது என்ன என்பதைவிட, அதை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் புதிராகத் தோன்றுவது.

அந்த இருக்கைக்கு உரியவரை ஆங்கிலத்தில் காக்ஸ்வெய்ன் என்று எழுதி காக்ஸன் என்று உச்சரிப்பார்கள். நம் ஊர்ப் படகு கிளப்புகளிலும் சுருக்கமாக காக்ஸ். சொல்லின் வேரைப் பார்த்தால் ‘சின்னப் படகின் வேலைக்காரப் பையன்’ என்று பொருள். தமிழில் சுக்கானி என்ற சொல் இருக்கிறது, மீகாமன் என்ற இன்னும் அழகான பழஞ்சொல்லும் இருக்கிறது. இரண்டுமே சுக்கானைத் திருப்புபவர் என்ற அளவில் நின்றுவிடுவதால் இங்கே காக்ஸ் என்றே வைத்துக்கொள்கிறேன். உண்மையில் நம் கடற்கரையில் மீனவர்கள் பாடும் அம்பாப் பாட்டில் முன்னடி எடுத்துக் கொடுப்பவர் செய்வதற்கும் காக்ஸின் வேலைக்கும்தான் நெருக்கம் அதிகம். ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் கை அந்தக் குரலில் விழுகிறது.

படகின் அமைப்பிலிருந்து தொடங்கலாம். எட்டுப் பேர் படகு 17 மீட்டருக்கு மேல் நீளம், அகலமோ ஒருவர் இடுப்பளவுக்குச் சற்று கூட. துடுப்பு வலிப்பவர்கள் எல்லோரும் படகு போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஆண்கள் படகு 2017-இல் போஸ்னானில் 2,000 மீட்டரை 5 நிமிடம் 18.68 விநாடியில் கடந்தது; மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் எட்டுப் பேர் முதுகு காட்டிக்கொண்டு போகிறார்கள், முன்னால் பார்க்கிறவர் ஒரே ஒருவர். அன்று ஜெர்மன் படகில் அப்படி உட்கார்ந்திருந்தவர் மார்ட்டின் சாவர். 2012-இல் தங்கம், அடுத்த இரண்டு ஒலிம்பிக்கிலும் வெள்ளி வாங்கியவர்.

இந்த முதுகு காட்டும் ஏற்பாட்டுக்கு ஒரு விசித்திரமான விளைவு உண்டு. உங்கள் படகு முன்னால் போனால், பின்னால் வருகிற எல்லாப் படகுகளும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். பின்தங்கினால் எதுவும் தெரியாது. முன்னால் போனவர்கள் உங்கள் முதுகுக்குப் பின்னால் எங்கோ இருக்கிறார்கள். அதாவது தகவல் மிக அவசியமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் துடுப்பு வலிப்பவர் குருடாகிறார். கால்கள் எரிகின்றன, மூச்சு போதவில்லை, இன்னும் 700 மீட்டர். அப்போது எதிரே இருக்கும் குரல் சொல்வது மட்டுமே உலகம். “அவங்க எட்டாம் ஆள் நம்ம முன்முனை ஆள் பக்கத்துல. ஏழாம் ஆள் வேணும், குடுங்க.” இருக்கைகளை முன்முனையிலிருந்து எண்ணுவார்கள்; எட்டாம் ஆள் காக்ஸுக்கு நேர் எதிரே இருப்பவர். எதிர்ப்படகின் இருக்கைகளையே அளவுகோலாக வைத்து எட்டு, ஏழு, ஆறு என்று காக்ஸ் எண்ணிக்கொண்டு போவார். ஒவ்வோர் எண்ணும் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

அந்த எண் பொய்யாக இருந்தால்? உற்சாகப்படுத்துவதற்காக ஒரு காக்ஸ் ஒருமுறை கூட்டிச் சொல்லலாம். பந்தயம் முடிந்து உண்மை தெரிந்த பிறகு, அடுத்த பந்தயத்தில் அவர் சொல்லும் எந்த எண்ணையும் எட்டுப் பேரும் நம்பமாட்டார்கள். நம்பாத குரலுக்கு உடம்பு இறங்கி வராது. காக்ஸின் வாழ்க்கைத்தொழில் என்பது பெரும்பாலும் இந்தக் கணக்குதான்: சொன்னது நடந்ததா என்று எட்டுப் பேர் மனதில் ஏறிக்கொண்டே போகும் பற்று-வரவு. தசை தேய்வது போல அது வயதால் தேய்வதில்லை. தாம்ப்சன்-வில்லியின் 36 ஆண்டு தேசிய அணி வாழ்க்கைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சுக்கானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது உள்ளங்கை அளவே இருக்கும். இருபுறமும் ஓடும் கயிற்றால் அசைப்பார்கள். அதைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் இழுக்கும், வேகம் குறையும். எனவே திறமையான காக்ஸ் சுக்கானைத் தொடுவதே தெரியாது. துடுப்புகள் தண்ணீரில் இருக்கும் கணம் பார்த்து, மெல்ல, சிறிதளவு. மிதவைகள் கட்டிய நேர்ப்பாதையில் இது பொறுமைப் பரீட்சை. ஆற்றில் நடக்கும் பந்தயத்தில் கதையே வேறு. பாஸ்டனில் சார்ல்ஸ் ஆற்றில் ஆண்டுதோறும் நடக்கும் பந்தயம் ஏறக்குறைய 4.8 கிலோமீட்டர், வளைவு மேல் வளைவு, நடுவே பாலங்கள். உள்வளைவை ஒட்டிப் போகிற படகு குறைந்த தூரம் போகிறது. அங்கே காக்ஸ் விநாடிகளையே கையால் எடுத்துக் கொடுக்க முடியும்.

குரல் எட்டுவதற்கே ஒரு காலத்தில் பெரும்பாடு. வாயோடு சேர்த்துத் தலையில் கட்டிய கூம்புக் குழலில் கத்துவார்கள். 1970-களின் கடைசியில்தான் ஒலிபெருக்கிப் பெட்டி வந்தது. இப்போது தலையில் மைக், இருக்கைகளுக்கு அடியில் சின்ன ஸ்பீக்கர்கள், கையருகே நிமிடத்துக்கு எத்தனை தடவை துடுப்பு வலிக்கிறார்கள் என்று காட்டும் திரை. 1936-இல் இது எதுவும் இல்லை. பெர்லின் அருகே க்ரூனோவில் அமெரிக்க எட்டுப் பேர் படகின் காக்ஸ் பாப் மாக். தாளம் வைக்க வேண்டிய எட்டாம் ஆள் டான் ஹ்யூமுக்கு உடல்நலம் சரியில்லை. அவரை முதலிலேயே எரித்துவிட்டால் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. பாதி தூரம் தாண்டியும் பின்தங்கியே போனது படகு. கடைசியில் கரையில் இருந்த கூட்டத்தின் கூச்சலில் மாக்கின் குரல் கேட்காமல் போனது. சுக்கான் கயிற்றில் கோத்திருந்த மரக்கட்டைகளால் படகின் விலாவில் தட்டித் தாளம் கொடுத்தார். அமெரிக்கா 6:25.4, இத்தாலி 6:26.0, ஜெர்மனி 6:26.4. மூன்று படகுகளும் ஒரே விநாடிக்குள். மாக் பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் துடுப்புப் பயிற்சியாளராக இருந்துகொண்டே சட்டம் படித்து வழக்கறிஞரானார். பேசிப் பேசியே பிழைத்தவர்களுக்கு அது இயல்பான அடுத்த படி போலும். 1992-இல் தங்கம் வென்ற இங்கிலாந்தின் கேரி ஹெர்பர்ட்டும் வழக்கறிஞர்தான்.

ஹெர்பர்ட்டின் பந்தயத்தை இன்றும் பலர் தேடிப் பார்க்கிறார்கள். காக்ஸுடன் கூடிய இருவர் படகு. எதிரே இத்தாலியின் அபன்யாலே சகோதரர்களும் காக்ஸ் ஜுசெப்பே டி காப்புவாவும். 1984, 1988 இரண்டிலும் தங்கம் வாங்கியவர்கள். இந்தப் பக்கம் சேர்ல் சகோதரர்கள், இருபது வயதை ஒட்டியவர்கள். கடைசி சில நூறு மீட்டர் வரை இத்தாலிதான் முன்னால். நீங்கள் இல்லையென்றால் யார், இப்போது இல்லையென்றால் எப்போது என்று ஹெர்பர்ட் கத்தினார். எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் சேர்ல் சகோதரர்கள் தாண்டினார்கள். பதக்க மேடையில் அண்ணன் தம்பி நிதானமாக நிற்க, ஹெர்பர்ட்தான் குலுங்கிக் குலுங்கி அழுதார். வேடிக்கை என்னவென்றால் அந்தப் போட்டியே அத்துடன் ஒலிம்பிக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

இனி அந்தப் புதிருக்கு வருகிறேன். துடுப்பு வலிப்பவரைத் தேர்ந்தெடுப்பது, கடினமானாலும், எண்களால் ஆன வேலை. எர்க் எனப்படும் தரை எந்திரத்தில் 2,000 மீட்டர் வலிக்கச் சொல்வார்கள். நேரம் திரையில் தெரியும். சந்தேகம் இருந்தால் இரண்டு படகுகளை மோதவிட்டு, ஓர் ஆளை மட்டும் இங்கிருந்து அங்கே மாற்றி மறுபடி மோதவிடுவார்கள். காக்ஸுக்கு எர்க் கிடையாது. இரண்டு காக்ஸ்களை மாற்றி உட்காரவைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் வித்தியாசம் காற்றின் வித்தியாசத்தைவிடச் சிறியதாக இருக்கும், தவிர அன்றைய பயிற்சியில் தெரியவராதது பந்தயத்தின் கடைசி 300 மீட்டரில்தான் தெரியவரும். தராசில் ஏற்றிப் பார்க்கக்கூடியது அவர் எடை ஒன்றுதான். ஆகவே பயிற்சியாளர்கள் ஒலிப்பதிவைக் கேட்கிறார்கள், எட்டுப் பேரிடமும் கேட்கிறார்கள்: யாரோடு போக விரும்புகிறீர்கள்? அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விரும்பும் பள்ளி காக்ஸ்கள் தங்கள் பந்தய ஒலிப்பதிவை அனுப்புவது வழக்கமாகிவிட்டது. பீட் சிப்பலோனி 1997-இல் சார்ல்ஸ் ஆற்றில் செய்த பதிவைக் கேட்டு வளர்ந்த தலைமுறையே இருக்கிறது. அவர் 2004 ஏதென்ஸில் அமெரிக்க ஆண்கள் படகுக்கு 40 ஆண்டு கழித்து எட்டுப் பேர் தங்கத்தை வாங்கித் தந்த காக்ஸ். அந்தப் பதிவைப் போலி செய்து கத்துகிறவர்கள்தான் அதிகம் என்பது தனிக் கதை.

இந்த அளவீட்டுச் சிக்கலை மழுப்பாமல் பார்க்க ஓர் உதாரணம் உண்டு. பிரிட்டனின் எரின் கென்னடி பாராலிம்பிக் கலப்பு நால்வர் படகின் காக்ஸ். டோக்கியோவில் தங்கம். 2022-இல் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்காக அவர் விலகியிருந்தபோது, அதே படகு வேறொரு காக்ஸோடு உலக சாம்பியன்ஷிப்பிலும் வென்றது. பிறகு அவர் திரும்பி வந்தார், 2024 பாரிஸில் மறுபடி தங்கம். அப்படியானால் காக்ஸ் யாராக இருந்தாலும் ஒன்றுதானா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அவ்வளவு பலமான அணிக்கு, பெரிய இடைவெளியில் வெல்லும் பந்தயத்தில், ஏறக்குறைய அப்படித்தான் என்று நான் நினைக்கிறேன். காக்ஸின் விலை தெரிவது இடைவெளி அரை விநாடிக்குக் கீழே போகும்போது, அல்லது ஏதாவது உடையும்போது.

உடைந்ததற்கு 2012 ஆக்ஸ்போர்ட்–கேம்பிரிட்ஜ் பந்தயம் இருக்கிறது. தேம்ஸ் நதியில் 6.8 கிலோமீட்டர். இரண்டு படகுகளும் கிட்டத்தட்ட சமமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு மனிதர் எதிர்ப்புத் தெரிவிப்பதற்காகத் தண்ணீரில் குதித்துக் குறுக்கே நீந்தினார். பந்தயம் நின்றது. அரை மணி நேரம் கழித்து மறுபடி தொடங்கிய சற்று நேரத்தில் துடுப்புகள் மோதின. ஆக்ஸ்போர்ட் துடுப்பு ஒன்றின் இலை முறிந்தது. ஆக்ஸ்போர்ட் காக்ஸ் ஸோயி டி டொலீடோ கையை உயர்த்தி முறையிட்டார். தன் பாதைக்கு வெளியே போனது ஆக்ஸ்போர்ட்தான், எச்சரித்தும் இருந்தேன் என்று நடுவர் மறுத்துவிட்டார். துடுப்பு ஒன்று குறைந்த படகு தோற்றது. லட்சக்கணக்கானோர் பார்க்கும் தொலைக்காட்சியில், தன் சுக்கானில் நடந்த தவறு.

நான்கு ஆண்டு கழித்து அவர் எங்கே இருந்தார்? முதல் பத்தியில் சொன்ன அதே ரியோ இறுதிச் சுற்றில், பிரிட்டன் படகில். பாதி தூரத்தில் பிரிட்டன் பதக்க இடத்திலேயே இல்லை. கடைசியில் அமெரிக்கா 6:01.49, பிரிட்டன் 6:03.98, ருமேனியா 6:04.10. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையே 0.12 விநாடி. பிரிட்டன் பெண்கள் எட்டுப் பேர் படகுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். எட்டு ஒலிம்பிக் அனுபவம் அன்று ஐந்தாவதாக வந்தது, தேம்ஸில் துடுப்பு முறிந்த அனுபவம் இரண்டாவதாக வந்தது. இதிலிருந்து விதி எதையும் எடுக்க முடியாது என்பதுதான் இதன் அழகு.

எடைக்கு வருவோம், வெளியாட்கள் காக்ஸைப் பற்றி முதலில் கேட்பது அதைத்தான். இப்போதைய சர்வதேச விதிப்படி காக்ஸின் குறைந்தபட்ச எடை 55 கிலோ, ஆண் பெண் இருவருக்கும். குறைந்தால் அதிகபட்சம் 15 கிலோ வரை மணல் மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிக்கட்டலாம். இந்த விதி ஏன் என்பதற்கு 1900 பாரிஸ் ஒலிம்பிக்கே சாட்சி. நெதர்லாந்தின் பிராண்ட், க்ளைன் இருவரும் தங்கள் 60 கிலோ காக்ஸை இறக்கிவிட்டு, கரையில் கிடைத்த ஒரு பிரெஞ்சுச் சிறுவனை ஏற்றிக்கொண்டு இறுதிப் பந்தயத்தை வென்றார்கள். பையன் சுமார் 33 கிலோ. அவன் பெயர் யாருக்கும் தெரியாது. புகைப்படம் மட்டும் இருக்கிறது. 1936-இல் பிரான்ஸின் நோயல் வாந்தர்நோட் 12 வயதில் இரண்டு வெண்கலம் வாங்கினார், அதில் ஒரு படகில் துடுப்பு வலித்தவர்களில் அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் இருந்தார்கள். 1992-இல்கூட ஸ்பெயின் படகில் 11 வயதுச் சிறுவன் உட்கார்ந்திருந்தான். இதையெல்லாம் பார்த்தவர்கள் ‘மூட்டை’ என்று கேலி செய்ததில் ஆச்சரியமில்லை. மூட்டையாக இருந்தவர்களும் உண்மையிலேயே இருந்தார்கள்.

இப்போது மூட்டையாக இருக்க இடமே இல்லை, இருக்கைகள் குறைந்துவிட்டன. 1984-இல் ஒலிம்பிக்கில் காக்ஸ் தேவைப்பட்ட போட்டிகள் ஆறு: ஆண்களுக்கு மூன்று, பெண்களுக்கு மூன்று. நால்வர் படகிலும் இருவர் படகிலும் காக்ஸை இறக்கிவிட்டு, வலிப்பவர்களில் ஒருவரின் காலணியில் சுக்கான் கம்பியை இணைத்துவிட்டார்கள். பாதத்தைத் திருப்பினால் படகு திரும்பும். இன்று ஒலிம்பிக்கில் மிஞ்சியது இரண்டே போட்டி, ஆண்கள் எட்டு, பெண்கள் எட்டு. ஒரு நாட்டுக்கு இரண்டு இருக்கை. தாம்ப்சன்-வில்லி போல ஒருவர் அதில் ஒன்றில் இருபது முப்பது ஆண்டு உட்கார்ந்துவிட்டால் அந்தத் தலைமுறையில் வேறு எந்த கனடியப் பெண்ணுக்கும் வழி இல்லை. நீண்ட வாழ்க்கைத்தொழிலுக்கு இப்படி ஒரு மறுபக்கமும் உண்டு. கொண்டாடும் கட்டுரைகள் அதைச் சொல்வதில்லை.

ஒரு கதவு மட்டும் திறந்தது. 2017 முதல் காக்ஸ் எந்தப் பாலினத்தவராகவும் இருக்கலாம் என்று சர்வதேசச் சங்கம் விதியை மாற்றியது. தேம்ஸ் பந்தயத்தில் 1981-லேயே ஸூ பிரவுன் ஆண்கள் படகை ஓட்டி ஆக்ஸ்போர்டை ஜெயிக்கவைத்துவிட்டார் என்பதை நினைத்தால் இது வெகு தாமதம். டோக்கியோவில் நியூசிலாந்தின் கேலப் ஷெப்பர்ட் பெண்கள் படகில் காக்ஸாகப் போய் வெள்ளி வாங்கினார். பிரிட்டனின் ஹென்றி ஃபீல்ட்மேன் அதே டோக்கியோவில் ஆண்கள் எட்டில் வெண்கலம், பாரிஸில் பெண்கள் எட்டில் வெண்கலம். ஆண், பெண் இரண்டு பிரிவிலும் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் ஆள். விதி திறந்ததும் ஆண்கள் பெண்களின் இருக்கைக்குப் போன வேகம் பெரிதாகவும், எதிர்த்திசையில் நடந்தது சிறிதாகவும் எனக்குப் படுகிறது.

நம் பக்கம் காக்ஸ் என்ற சொல் புதிதல்ல. இப்போது அடையாற்றங்கரையில் இருக்கும் மெட்ராஸ் போட் கிளப் தொடங்கியது 1867-இல். அங்கே நால்வர் படகில் ஏறியவர்களுக்குப் பின்முனைக் குரலும் தோற்றால் வரும் திட்டும் பழக்கம். ஜெயித்தால் காக்ஸைத் தூக்கித் தண்ணீரில் போடுவது உலகம் முழுக்க வழக்கம். ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023 செப்டம்பரில், இந்திய ஆண்கள் எட்டுப் பேர் படகு சீனாவுக்கு அடுத்து வெள்ளி வாங்கியது. துடுப்பு வலித்த எட்டுப் பேருக்கு எதிரே உட்கார்ந்து, அவர்கள் முதுகுக்குப் பின்னால் சீனப் படகு எவ்வளவு தூரத்தில் போகிறது என்பதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தவர் தனஞ்ஜய் உத்தம் பாண்டே.